எழுதியவர் என்ற கட்டம்

என் தம்பி வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழாம் மாதத்தில் பிறந்தான். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் அம்மாவுக்கு முன்கூட்டியே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள், அவனோ பிழைத்துக்கொண்டான். நான்கு வயதில் தொண்டை அடைப்பான் வந்து பதினெட்டு நாள் கிடந்தான். அந்த வார்டில் இருந்த ஆறு பிள்ளைகளில் வீடு திரும்பியவர்கள் இரண்டே பேர், அவன் ஒருவன். பதினான்கு வயதில் ஓடும் பெல்ட்டில் சிக்கி இடது மோதிர விரலின் நுனி போயிற்று. அந்தக் கையால்தான் கிட்டார் பழகினான். மூன்றாம் வகுப்பில் மூன்று வருடம் உட்கார்ந்தும் எழுத்து பிடிபடாமல் வெளியே அனுப்பப்பட்டவன், பத்தொன்பது வயதில் எரிந்துபோன எந்த மோட்டாரையும் பிரித்து மறுபடி ஓடவைத்தான். 1973-இல் நடந்த இசைக்குழுப் போட்டியில் பதினேழு குழுக்கள். பதினாறு கல்லூரிக் குழுக்கள், ஒன்று மட்டும் வேலைக்குப் போகிறவர்களுடையது. முதல் பரிசு அந்த ஒன்றுக்கு. படிக்காதவனுக்குப் பெண் கிடையாது என்று சொன்ன அவனுடைய மாமனாரின் தண்ணீர் பம்பு ஒரே கோடையில் மூன்று முறை எரிந்தது. நான்காவது முறை எரியாதபடி கட்டிக் கொடுத்தவனிடம் அவர் அதற்குமேல் மறுப்புச் சொல்லவில்லை.

தேதியோ எண்ணிக்கையோ எனக்கு நிச்சயமாகத் தெரியாத விஷயங்களை விட்டுவிட்டேன். அவனுடைய பாட்டையும் இதில் சேர்க்கவில்லை. நாற்பத்திரண்டு வருடம் அது என் பெயரில் இருந்தது. அது எப்படி என் பெயருக்கு வந்தது, எப்படி அங்கேயே நின்றுபோனது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

தம்பி மோட்டார் வைண்டிங் வேலை செய்தான். மோட்டாருக்குள் ஓர் இரும்பு வளையம் இருக்கும். அதில் பள்ளங்கள் இருக்கும். அந்தப் பள்ளங்களில் செம்புக் கம்பிச் சுருள்களை இறக்க வேண்டும். அந்தச் சுருளுக்குக் காயில் என்று பெயர். எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று என்று கணக்கு உண்டு. சில சுற்று குறைந்தால் மோட்டார் சூடேறும், கூடினால் பள்ளத்துக்குள் அடங்காது. மற்றவர்கள் பத்துச் சுற்றுக்கு ஒரு கோடு என்று சாக்கட்டியால் போட்டுக்கொண்டே சுற்றுவார்கள். தம்பிக்கு எண்ணும் எழுத்தும் பலகையில் நிற்காது; பார்க்கப் பார்க்கப் புரண்டுவிடும். அதனால் அவன் பாட்டால் எண்ணினான். ஒரு தாளத்துக்கு ஒரு சுற்று. எட்டுத் தாளம் ஒரு வரி. எட்டு வரி முடிந்தால் அறுபத்து நான்கு சுற்று, அது அரை குதிரைச் சக்திப் பம்பு. மேசை விசிறிக்கு நானூற்றுச் சொச்சம் சுற்று. அதற்கு அவன் வைத்திருந்த பாட்டு மிக நீளம்.

கடைக்கு வந்தவர் ஒருவர் ஒருநாள் முகம் சுளித்தார்.

"என்ன முதலாளி, இங்க வேலை நடக்குதா, கச்சேரி நடக்குதா?"

"பொறுமையாக் கேளுங்க. பாட்டு முடிஞ்சா உங்க காயில் முடிஞ்சுது. நடுவுல பேசி நிறுத்திட்டீங்கன்னா மொதல்லேர்ந்து பாடுவான், நீங்கதான் நிக்கணும்."

எங்கள் வீட்டில் யாரும் பாட்டு எழுதுவது என்று சொன்னதில்லை. தம்பி பாட்டுக் கட்டுவான். காயில் கட்டுவது போலவே. இதை இங்கே குறித்து வைக்கக் காரணம் உண்டு.

குழுவில் நான்கு பேர். டயர் கடையில் வேலை செய்த டிரம்மர், செருப்புக் கடை விற்பனையாளனான பாடகன், தபால் பிரிக்கும் வேலையில் இருந்த பாஸ் கிட்டார்காரன், என் தம்பி. கடை மூடியபின் வைண்டிங் கடையின் பின்னறையில் பயிற்சி செய்வார்கள். நால்வருக்கும் தோள் வரை முடி, தெருவைக் கூட்டும் அகலத்தில் கால்சட்டை. மற்ற மூவரும் என் தம்பியைக் 'காயில்' என்று கூப்பிட்டார்கள்.

1974 பிப்ரவரியில் அவன் அந்தப் பம்பு மோட்டார் மெட்டுக்கு வார்த்தை கட்டினான். பாட்டின் பெயர் 'இன்னும் ஒரு சுற்று'. ஒருவன் ஒரு பெண்ணின் தெருவில் சைக்கிளில் சுற்றிச் சுற்றி வருகிறான். இறங்கிப் பேசத் தைரியம் இல்லை.

இன்னும் ஒரு சுற்று, உன் தெரு முனையில்
நின்னா விழுந்துடும் என் சைக்கிளு.

அடுப்படி மேசையில் உட்கார்ந்து அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன் என்றாலும் என் கையெழுத்தை எல்லாரும் முத்து என்பார்கள். 'விழுந்துடும்' என்பதை 'விழுந்துவிடும்' என்று திருத்தவா என்று கேட்டேன். "வேணாம்க்கா, ஒரு சுத்து கூடிடும்" என்றான். வேறெதிலும் நான் வாயோ கையோ வைக்கவில்லை. நால்வருக்கும் நான்கு பிரதி எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் போட்டியில் முதல் பரிசு வாங்கியதால் ஓர் இசைத்தட்டுக் கம்பெனி அவர்களைக் கூப்பிட்டு ஒரு பாட்டைப் பதிவுசெய்தது. ஏப்ரலில் கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வைண்டிங் கடை முகவரிக்கு வந்தது. தம்பி அதைச் சட்டைப் பைக்குள் மடித்துக் கொண்டுவந்து, "நீயே நிரப்பிடுக்கா, உன் கை பட்டாத்தான் அழகா இருக்கும்" என்றான்.

நான் அப்போது சட்டைத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். பன்னிரண்டு சட்டைக்கு ஒரு கட்டு, கட்டுக்கு ஒரு சீட்டு. சீட்டில் இரண்டு கட்டம். 'தைத்தவர்' என்ற கட்டத்தில் யார் தைத்தார்களோ அவர்கள் பெயர். 'எழுதியவர்' என்ற கட்டத்தில் சீட்டை நிரப்பியவர் பெயர். நாளொன்றுக்கு எழுபது, எண்பது தடவை 'எழுதியவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன்.

கம்பெனிப் படிவத்திலும் இரண்டு கட்டம் இருந்தது. எழுதியவர். இசைத்தவர். தையல் சீட்டு மாதிரியே என்று நினைத்தேன். வேலையைச் செய்தவர்கள் அந்த நால்வர். அவர்கள் பெயர்களை 'இசைத்தவர்' கட்டத்தில் வரிசையாக எழுதினேன். சீட்டை நிரப்பியவள் நான். 'எழுதியவர்' கட்டத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் உறையை ஒட்டினேன்.

இசைத்தட்டு ஜூன் பதினெட்டாம் தேதி வந்தது. தம்பி உறையைப் பிரித்து, தட்டை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் விளிம்பில் பிடித்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினான்.

"அக்கா, இதுல என் பேரு எங்க இருக்கு?"

நான் பார்த்தேன். நடுவில் ஒட்டியிருந்த வட்டத் தாளில் பாட்டின் பெயர். அதன் கீழே 'எழுதியவர்' என்று போட்டு என் முழுப் பெயர். அதற்கும் கீழே குழுவின் பெயர் மட்டும். நான் வரிசையாக எழுதிக் கொடுத்த நான்கு பெயர்களையும் அவர்கள் விட்டுவிட்டிருந்தார்கள். அந்தத் தட்டில் ஆள் பெயர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அந்தச் சொல்லுக்குக் கம்பெனியில் பாட்டைக் கட்டியவர் என்று பொருள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தம்பி முகத்தைப் பார்த்தேன். அவனுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து என் பெயர் மேல் வைத்து, "இங்க இருக்கு" என்றேன்.

அவன் மூன்று நாள் அந்தத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகக் காட்டினான். சலூன்காரருக்கு, முதலாளிக்கு, பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களுக்கு. எழுத்தைப் படித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை போலும், கைகொடுத்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் டிரம்மர் வாங்கிப் பார்த்தான்.

"டேய் காயில், இது உங்க அக்கா பேருடா. பாட்ட அக்காதான் எழுதிக் குடுத்தாங்களா? எங்ககிட்ட நீ கட்டினதுன்னு பீத்திக்கிட்ட?"

தம்பி வீட்டுக்கு வந்து தட்டை மேசையில் வைத்தான். நான் நடந்ததைச் சொன்னேன். தையல் சீட்டைக்கூட எடுத்துக் காட்டினேன். அவன் சீட்டைப் பார்க்கவில்லை.

"சரி விடுக்கா. உன் பேரும் நம்ம வீட்டுப் பேருதானே. ஆனா விரல எடுத்து வெச்சே பாரு, அது எதுக்கு?"

கம்பெனிக்கு எழுதித் திருத்திவிடுகிறேன் என்றேன். அன்றே எழுதினேன். ஆனால் மறுவாரம் பாட்டு வானொலியில் வந்தது. பதினோரு வாரம் தொடர்ந்து வந்தது. சலூனில் கேட்டது, பஸ்ஸில் கேட்டது, எங்கள் தொழிற்சாலை ஒலிபெருக்கியில் உணவு இடைவேளையில் கேட்டது. அறிவிப்பாளர் ஒவ்வொரு முறையும் எழுதியவர் என்று என் பெயரைச் சொன்னார். என்னோடு வேலை செய்தவர்கள் சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பொய் சொல்லி என்ன, எனக்கு அது பிடித்திருந்தது. திருத்தக் கடிதம் கைப்பையிலேயே இருந்தது.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி கம்பெனியிலிருந்து என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. பாட்டுக்கு நல்ல வரவேற்பு. எழுதியவர் நேரில் வந்து, தங்கள் ஆட்களோடு இரண்டு வாரம் உட்கார்ந்து, இன்னும் ஐந்து பாட்டு எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

வீட்டில் யாரும் இல்லாத நேரம். நான்கைந்து தடவை படித்தேன். தம்பியை அந்த அறையில் உட்காரவைத்து நினைத்துப் பார்த்தேன். யாராவது ஒரு தாளை நீட்டி, இதைப் படி என்பார்கள். பேனாவை நீட்டி, இங்கே எழுது என்பார்கள். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் அவன் தலைகீழாக எழுதிய பலகையைக் கயிறு கட்டி அவன் கழுத்தில் மாட்டி, வகுப்பு வகுப்பாக அனுப்பினார். என் வகுப்புக்கும் வந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான், நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுபடி அப்படி ஒன்று நடக்கக் கூடாது என்று முடிவுசெய்தேன். அவனைக் கேட்காமல் முடிவுசெய்தேன்.

பன்னிரண்டாம் தேதி பதில் எழுதினேன். "தங்கள் கடிதம் கிடைத்தது. தொழிற்சாலை வேலை காரணமாக இனிப் பாடல் எழுத இயலாத நிலையில் இருக்கிறேன். பொறுத்துக்கொள்ளவும்." இந்த வரிகளில் இது பொய் என்று விரல் வைக்க ஓர் இடமும் இல்லை. நன்றாக யோசித்துத்தான் எழுதினேன். திருத்தக் கடிதத்தைக் கிழித்துப்போட்டேன். அது போனால் அவனைத் தேடிக்கொண்டு வந்துவிடுவார்கள் அல்லவா.

கம்பெனி மறுபடி கூப்பிடும் என்று நால்வரும் அடுத்த கோடை வரை காத்திருந்தார்கள். கூப்பிடவில்லை. பாடகன் வேறு ஊருக்குப் போனான். பாஸ்காரனுக்குப் பதவி உயர்வு வந்தது. முடியை வெட்டிக்கொண்டார்கள். தம்பி கிட்டாரை அலமாரி மேல் வைத்தான்.

"நம்ம பாட்டு அவங்களுக்குப் பிடிக்கல போலக்கா. ஒண்ணு ஏதோ குருட்டாம்போக்குல ஓடிருச்சு" என்றான்.

"இருக்கும்" என்றேன்.

நாற்பத்திரண்டு வருடம் அவன் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான். கல்யாணம் செய்தான், இரண்டு பெண்களைப் படிக்கவைத்தான், சொந்தக் கடை வைத்தான். எங்கே எதற்குக் கையெழுத்துக் கேட்டாலும் கட்டைவிரல் வைத்தான். கம்பியும் வார்னிஷும் தேய்த்துத் தேய்த்து அவன் விரலில் ரேகையே இல்லாமல் போயிருந்தது. குமாஸ்தாக்கள் மறுபடி வை, மறுபடி வை என்பார்கள். வெளியே வந்ததும் மையைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்வான். அந்தக் கறை போகாது என்று அவன் மனைவி திட்டுவாள்.

2016 ஆகஸ்ட் இருபத்து நான்காம் தேதி, புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு பெண் கோப்போடு என் வீட்டுக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். பழைய கம்பெனியின் பாட்டுகளை இப்போது வேறொரு நிறுவனம் வாங்கி மறுபடி தட்டாகப் போடுகிறதாம். தம்பி அப்போது என் மேசை விசிறியைப் பிரித்துத் தரையில் பரப்பி உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, 'இன்னும் ஒரு சுற்று' எழுதினவங்க நீங்கதானே?"

"உக்காரும்மா. எழுதினது நான்தான். ஆனா நான் எழுதல."

"புரியலையேம்மா."

தம்பி தலையைத் தூக்காமல் சிரித்தான். "எனக்கே புரிய மூணு நாளாச்சு, உனக்கு எப்படிம்மா உடனே புரியும்?"

அவள் போனை எடுத்துப் பாட்டைப் போட்டாள். யாரோ பழைய சாமான் கடையில் அந்தத் தட்டைக் கண்டெடுத்துப் போனில் ஏற்றிவிட, நான்கு லட்சம் பேர் கேட்டிருக்கிறார்கள் என்றாள். தம்பி கையில் திருப்புளியைப் பிடித்தபடியே கேட்டான். இருபத்து மூன்று வயதில் அவன் வாசித்த கிட்டார் அறையில் ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டாவது வரியில டிரம்ஸ் முந்துது. அன்னிக்கே சொன்னேன், கேக்கல" என்றான். பிறகு, "பாட்டு நான் கட்டினதும்மா. எனக்கு எழுத்து வராது. அக்கா எழுதிக் குடுத்தாங்க, பேரு மாறிப்போச்சு" என்றான்.

அவள் கோப்பைப் புரட்டினாள். "அப்படியா சார்? அப்ப இந்த லெட்டர்..."

நான் எழுந்தேன். தண்ணீர் கொண்டுவருகிறேன் என்றேன்.

"என்ன லெட்டர்? படிச்சுக் காட்டும்மா" என்றான் தம்பி.

அவள் முதலில் கம்பெனி அனுப்பிய கடிதத்தின் நகலைப் படித்தாள். பிறகு என் பதிலைப் படித்தாள். என் முத்து எழுத்து அந்த நீலத் தாளில் மங்காமல் இருந்ததை அவள் மேசை மேல் வைத்தபோது பார்த்தேன்.

தம்பி அவள் பக்கம் திரும்பினான்.

"அஞ்சு பாட்டா கேட்டிருக்காங்க?"

"ஆமா சார்."

"அஞ்சு." அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். "என்கிட்ட பதினொண்ணு இருந்துச்சு."

அந்தப் பெண் அதைக் கேட்டதும் ஆர்வமாகி, அவை இப்போதும் ஞாபகம் இருக்கிறதா என்றாள். அவன் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தான். ரெண்டு முழுசா வரும், ஒண்ணு பாதி வரும், மத்தது போயிடுச்சும்மா என்றான். எழுதி வைத்திருக்கலாமே என்று அவள் கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்தவள் போல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பெயரை மாற்ற வழி இருக்கிறது என்றாள். நான் ஒரு வாக்குமூலம் எழுதித் தர வேண்டும். குழுவில் உயிரோடு இருக்கும் இன்னொருவர் சாட்சி சொல்ல வேண்டும். பாட்டுக்குரியவர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முடியாவிட்டால் கைநாட்டு போதும். செப்டம்பர் இருபத்தைந்துக்குள் வராவிட்டால் உறை பழைய பெயரிலேயே அச்சாகிவிடும்.

அவள் போனபின் தம்பி விசிறியை மாட்டினான். ஒரு திருகாணி விடாமல் மாட்டி, சுவிட்சைப் போட்டுப் பார்த்தான். "விசிறி ஓடுது" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

பன்னிரண்டு நாள் வரவில்லை. அதற்கு முன் அவன் ஊரில் இருக்கும்போது மூன்று நாள் சேர்ந்தாற்போல் என் வீட்டுக்கு வராமல் இருந்ததில்லை. ஏழாம் நாள் அவன் மனைவி வந்தாள்.

"அண்ணி, உங்க தம்பி என்கிட்டயும் பேசறதில்ல. நாப்பது வருஷமா கொஞ்சம் வாய மூடுங்கன்னு கெஞ்சினேன். இப்பத்தான் மூடியிருக்கார், வீடு வீடாவே இல்ல."

"அந்தப் படிவம் என்னாச்சு?"

"அந்தப் பொண்ணு போன் பண்ணுச்சு. கைநாட்டு வெச்சா முடிஞ்சுது சார்னு சொல்லுச்சு. மாட்டேன்னுட்டார். கட்டைவிரல வெச்சா, வேற எவனோ கட்டின பாட்டுக்கு என் விரலப் புடிச்சு அழுத்தின மாதிரி இருக்கும்கிறார்." அவள் என்னைப் பார்த்தாள். "ஏற்கெனவே ஒருத்தர் விரலப் புடிச்சது போதுமாம். யாருன்னு கேட்டேன், சொல்லல. எனக்கும் தெரிய வேணாம் அண்ணி."

நான் என் வாக்குமூலத்தை எட்டுப் பக்கம் எழுதினேன். தையல் சீட்டு, விரல் வைத்தது, பதில் கடிதம், கிழித்த கடிதம், எல்லாம் தேதி வாரியாக. டிரம்மர் பஸ் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் படித்துக் காட்டினேன். "நான் அன்னிக்கு அவன ஊர் முன்னாடி நக்கல் பண்ணேன்க்கா. அதையும் சேத்து எழுதிடுங்க" என்றார். சேர்த்து எழுதினேன்.

செப்டம்பர் ஐந்தாம் தேதி தம்பி வந்தான். கையில் ஒரு செம்புக் கம்பிச் சுருளும் குறடும் இருந்தன.

"பேப்பர் எடு. என் பேரப் பெருசா எழுது. முத்து மாதிரி வேணாம், ஒரு எழுத்து ஒரு சாண் இருக்கணும்."

பழுப்புத் தாளை மேசையில் விரித்து எழுதினேன். அப்பாவின் முதலெழுத்து, பிறகு அவன் பெயர். ஐந்து எழுத்து, அதில் ஒரு கொம்பு, இரண்டு புள்ளி. அவன் கம்பியை என் கோட்டின் மேல் வைத்து வளைத்துக்கொண்டே போனான். ஒவ்வோர் எழுத்தையும் தனியாக வெட்டி எடுத்தான். பள்ளத்துக்குள் காயிலை இறக்கும் அதே கவனத்தோடு செய்தான். புள்ளிகளுக்கு ஈயத்தை உருக்கி இரண்டு பொட்டு வைத்தான்.

"எதுக்குடா இவ்வளவு?"

"பேப்பர்ல இருக்கற எழுத்து எனக்கு நகரும். கம்பி நகராது."

கண்ணை மூடிக்கொண்டு கம்பி மேல் விரலை ஓட்டினான். எங்கே தொடங்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று கேட்டான். எழுபது வயதை நெருங்கும் நான் அதை முதல் முறை கவனித்தேன்: இந்த எழுத்து எங்கே தொடங்குகிறது என்று அவனுக்கு யாரும் விரலால் காட்டியதில்லை. நான்கூட. நான் எல்லாவற்றையும் அவனுக்காக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

"டேய், அந்தக் கடிதம் வந்தப்ப நான்..."

"பேசாத. இந்த வளைவு உள்ள போகுதா வெளிய போகுதா, அதச் சொல்லு."

"உள்ள."

அவன் அதை மூன்று முறை ஓட்டினான். பிறகு கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "நான் அங்க போயிருந்தா அசிங்கப்பட்டிருப்பேன். அதானே நெனச்சே? பட்டிருப்பேன்தான். பட்டுட்டுப் போறேன்க்கா. அது என் அசிங்கம்தானே? அதையும் ஏன் நீ எடுத்துக்கிட்ட?"

மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தேன்; அவன் அடுத்த எழுத்துக்குப் போய்விட்டான்.

பதினேழு நாள் பழகினான். முதலில் விரலால், பிறகு கம்பிக்குள் பென்சிலை விட்டு, பிறகு கம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைசியில் கம்பி இல்லாமல். என் வீட்டில் பழகியது முதல் நாள் மட்டும்தான். மற்ற நாள்கள் அவன் வீட்டில். எப்படி வருகிறது என்று கேட்டால் அவன் மனைவி, "சுவர் பூரா இவர் பேருதான் அண்ணி. தேர்தலுக்கு நிக்கிற மாதிரி இருக்கு" என்பாள்.

கம்பெனிப் பெண் அவன் வீட்டுக்கே வந்தாள். அவன், அவன் மனைவி, டிரம்மர், நான். சாப்பாட்டு மேசையில் இருந்ததையெல்லாம் அவன் மனைவி எடுத்துவிட்டுத் துடைத்துக் கொடுத்தாள். டிரம்மர் சாட்சிக் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவைத் தம்பியிடம் நீட்டினார்.

"போடு காயில். எனக்கும் வயசாகுது, சாட்சி செத்துட்டா செல்லாது."

"நீ இப்பவும் முந்தறடா" என்றான் தம்பி.

அவன் உட்கார்ந்தான். நான் பழக்க தோஷத்தில் பக்கத்தில் போய்த் தாளின் ஓரத்தைப் பிடித்தேன். அவன் எங்கே விரல் வைத்தாலும் தாளைப் பிடித்துக்கொண்டது நான்தான்.

"நீ பேப்பரப் புடிக்காத" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

கையை எடுத்துக்கொண்டேன். ஜன்னல் பக்கம் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் பேனா தாளில் இழுபடும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடம் போனது.

"முடிஞ்சுது" என்றான்.

அந்தப் பெண் தாளை எடுத்து என் பக்கம் திருப்பினாள். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்திருந்தன, கொம்பு அடுத்த எழுத்தைத் தொட்டது. இரண்டு புள்ளிகளில் ஒன்று விடுபட்டிருந்தது. டிரம்மர் அதைச் சொல்ல வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்த்தேன், மூடிக்கொண்டார். நானும் சொல்லவில்லை. தேதியை நான் போடட்டுமா சார் என்று அவள் கேட்டாள். தம்பி சரியென்று பேனாவைக் கொடுக்க, அவன் பெயருக்குக் கீழே அவள் எழுதினாள்: 22 செப்டம்பர் 2016.